வெயில் சுட்ட தோலும் வீட்டு மருந்தும்



வெயிலைப் பற்றிப் பேசத் தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் உரிமை உண்டு. மே மாதம் 4ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28ஆம் நாளை ஒட்டி முடியும் அக்கினி நட்சத்திர நாட்களில் நம் வீடுகளில் வேறு பேச்சே இராது. ஆயினும் இவ்வளவு பழகிய வெயிலைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. வெயில் தோலைச் சுடுகிறது என்கிறோம். அது எவ்வாறு சுடுகிறது, சுட்ட இடத்தில் எதை இடலாம், எதை இடலாகாது, இட்ட மருந்து எதுவரை உதவும் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் அறிவியல் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பல கற்பித்தார்கள். ஆனால், இந்தப் பாடத்தை நான் கற்ற இடம் ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணை. அதனை என் பிழை ஒன்றின் வாயிலாகவே கற்றேன். ஆதலால் அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

1986ஆம் ஆண்டு. இராமநாதபுரம் பகுதியில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் அப்போது நான் இளம் ஆசிரியன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பிறவியிலேயே அவனுடைய தோலும் முடியும் கண்ணிமை மயிரும் வெண்ணிறமானவை. அவனுடைய பெற்றோர் இருவரும் நம்மைப் போன்ற நிறத்தினரே. பிள்ளைகள் அவனை ‘வெள்ளைக்காரன்’ என்று அழைத்தார்கள். வெளிச்சத்தில் அவன் கண்களைச் சுருக்கிக்கொள்வான். கரும்பலகையில் எழுதுவது அவனுக்குத் தெளிவாகத் தெரியாது. நாள்தோறும் அவன் தலையில் ஒரு துண்டை முக்காடாக இட்டுக்கொண்டு, சீருடைக்கு மேல் தன் தாத்தாவின் முழுக்கைச் சட்டையை அணிந்து வருவான். அவனை வளர்த்து வந்த அப்பத்தாவின் ஏற்பாடு அது.

சுதந்திர தின அணிவகுப்புக்கு மாணவர்களைப் பயிற்றும் பொறுப்பு அவ்வாண்டு என்னிடம் வந்தது. ஒழுங்கு என்பதைப் பெரிதாக மதித்த வயது எனக்கு. வெள்ளை அரைக்கைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாகப் பிள்ளைகள் நேர்கோட்டில் நிற்க, நடுவில் ஒருவன் மட்டும் முக்காட்டுடன் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவற்றைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

“சார், கழட்டக் கூடாதுன்னு அப்பத்தா சொல்லியிருக்கு” என்றான் அவன்.

“இன்றைக்கு வெயில் எங்கே அடிக்கிறது? மேகமாகத்தானே இருக்கிறது? கழற்று” என்றேன் நான்.

உண்மையிலேயே அன்று வானில் மெல்லிய மேகம் பரவியிருந்தது. கடற்காற்றும் குளிர்ச்சியாக வீசிக்கொண்டிருந்தது. அவன் துண்டையும் சட்டையையும் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வரிசைக்கு வந்தான். காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை மணிவரை பயிற்சி நடந்தது. முடிந்தபோது அவனுக்கு எந்தத் தீங்கும் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முகம் சற்றே சிவந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளின் முகமும் சிறிது வாடித்தான் இருந்தது.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. “சார், அவன் தோளெல்லாம் கொப்புளம்” என்று உடன் படிக்கும் பையன் ஒருவன் வந்து சொன்னான். மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் ஒரு பழைய பருத்தி வேட்டியின் மேல் அவன் குப்புறப் படுத்திருந்தான். பிடரியும் முன்கைகளும் கால்களும் செக்கச் சிவந்து வீங்கியிருந்தன. பிடரியின் கீழே, சட்டைக் கழுத்தை ஒட்டிய இடத்தில், நீர் கோத்த கொப்புளங்கள் இருந்தன. அவனுடைய அப்பத்தா மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவன் கைகளில் போர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் வேலியோரத்துச் சோற்றுக் கற்றாழையின் சோறு அலசி வைக்கப்பட்டிருந்தது. ஒரு செம்பில் உப்பிட்ட நீர்மோர் இருந்தது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து, கொப்புளத்தில் தடவச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மிக அமைதியாகவே பேசினாள். “வாத்தியாரய்யா, இவனுக்கு அந்தத் துண்டுதான் மருந்து. இந்தக் கத்தாழை எல்லாம் துண்டு இல்லாம போனா செய்யிற வேலை” என்றாள்.

மாணவர்களே, வெயில் புண்ணுக்குரிய மருத்துவம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. அதை எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்கு விரித்துரைக்கிறேன்.

வெயில் சுடுவது தீ சுடுவதைப் போன்றது என்றுதான் நாம் எண்ணுகிறோம். அது தவறு. தீ சுடுவது வெப்பத்தால். வெயில் தோலைப் புண்ணாக்குவது நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியால். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். அதைக் கேள்வியுற்ற ஜெர்மானிய அறிஞர் ரிட்டர், அடுத்த ஆண்டாகிய 1801இல், மறுகோடியில் உள்ள ஊதா நிறத்துக்கு அப்பால் வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை வைத்துப் பார்த்தார். வண்ணங்கள் விழுந்த இடங்களைவிட அந்த இருண்ட இடத்தில்தான் தாள் விரைவாகக் கறுத்தது. அங்கே விழுந்த ஒளியைத்தான் இன்று புற ஊதாக் கதிர் என்கிறோம்.

இவற்றுள் தோலைப் புண்ணாக்குவது எது? லண்டனைச் சேர்ந்த எவரார்டு ஹோம் என்னும் அறுவை மருத்துவர் 1820இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். தம் இரு கைகளையும் வெயிலில் நீட்டி, ஒன்றன் மேல் மட்டும் கறுப்புத் துணியைப் போர்த்தினார். கறுப்புத் துணி வெப்பத்தை ஈர்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துணிக்கடியில் இருந்த கைக்கே சூடு அதிகம் என்று வெப்பமானியும் காட்டியது. ஆயினும் அந்தக் கை புண்ணாகவில்லை. சூடு குறைந்த, மூடாத கையே வெந்தது. ஆகவே, வெயில் புண்ணுக்குக் காரணம் வெப்பம் அன்று, ஒளியே என்பது தெளிவாகிறது.

இதை அறிந்திருந்தால், குளிர்ந்த காற்று வீசிய அந்த நாளில், வெயில் எங்கே என்று நான் கேட்டிருக்க மாட்டேன். மெல்லிய மேகத்தின் வழியே புற ஊதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது பங்குவரை ஊடுருவி வரக்கூடும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்போது அது ஏறக்குறையப் பத்து விழுக்காடு மிகுகிறது. ஆகையால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள உதகைக்கும் கோடைக்கானலுக்கும் சுற்றுலா செல்லும் மாணவர்கள், குளிரில் நடுங்கிக்கொண்டே முகம் கறுத்துத் தோல் உரிந்து திரும்புகிறார்கள். நீரும் முழுக் காவல் அன்று. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள கதிரில் நாற்பது விழுக்காடு இருக்கும். கடலில் கழுத்தளவு நீரில் நின்று விளையாடுபவர் சூடு தெரியாமலேயே சுடப்படுவதற்கு அதுவே காரணம்.

இனி, உடலுக்குள் நடப்பதைக் காண்போம். நம் தோல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும், அது எவ்வாறு வளர வேண்டும், பெருக வேண்டும் என்னும் கட்டளைகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் பொதிந்துள்ளன. புற ஊதாக் கதிர் அந்த இழையைத் தாக்கிச் சிதைக்கிறது. சிதைவை உணர்ந்த உடல், பழுது பார்க்கும் பணியைத் தொடங்குகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் தோல் சிவக்கிறது, சூடேறுகிறது. நீர் கசிகிறது, அதனால் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன, அதனால் எரிகிறது. பழுது பார்க்க இயலாத அணுக்கள் தாமே மடிகின்றன. சில நாட்கள் கழித்துத் தோல் உரிவது அவ்வாறு மடிந்த அணுக்கள் விலகுவதாலேயே.

இப்பணி உடனே வெளியில் தெரிவதில்லை. வெயிலில் நின்று மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்தே சிவப்பு தோன்றும். பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அது உச்சத்தை அடையும். அன்று பயிற்சி முடிந்தபோது அந்த மாணவனின் முகத்தைப் பார்த்து ஒன்றும் நேரவில்லை என்று நான் முடிவு செய்தது எவ்வளவு அறியாமை! அவன் தோலுக்குள் அப்போதே தீங்கு முடிந்துவிட்டது. வெளியே தெரிவதற்குத்தான் மாலை வரை ஆயிற்று.

இனி வீட்டு மருந்துகளுக்கு வருவோம். அவற்றுள் முதலாவது நிழல். எரிச்சல் தோன்றியதும் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். மேலும் ஒரு நாழிகை வெயிலில் நின்றுவிட்டு எந்த மருந்தைத் தடவினாலும் பயன் இல்லை.

இரண்டாவது தண்ணீர். குளிர்ந்த நீரில் குளிக்கலாம். அல்லது நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போர்த்தி எடுக்கலாம். நாளில் பல முறை இவ்வாறு செய்யலாம். மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பது எவ்வாறு என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைத் தன்னைச் சுற்றியுள்ள பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஈரத்துணி தோலின் மேல் செய்யும் வேலையும் அதுவே. பனிக்கட்டியை நேரே வைத்தல் ஆகாது. முன்பே புண்பட்ட தோலை அது மேலும் புண்படுத்தும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்; தோலில் சிறிது ஈரம் தங்கியிருப்பது நல்லது.

மூன்றாவது, உள்ளுக்குக் கொடுக்கும் நீர். வெந்த தோலின் பக்கம் உடலின் நீர் ஈர்க்கப்படுகிறது. வியர்வையாலும் நீர் குறைந்திருக்கும். ஆதலால் தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், இளநீர், நீராகாரம் ஆகியவற்றை அடிக்கடி பருகச் செய்ய வேண்டும். நுங்கும் வெள்ளரியும் தருவதும் நல்லதே. கோடைக்காலத்தில் நம் முன்னோர் கொண்ட உணவெல்லாம் நீர் மிகுந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, யாவரும் புகழும் சோற்றுக் கற்றாழை. சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி என்று பெயர். இதன் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. அந்த நீரைக் கொழகொழப்பான பொருள் பிடித்து வைத்திருப்பதால், தோலில் தடவினால் துணியைப் போல விரைவில் உலராமல் நெடுநேரம் குளிர்ச்சி தருகிறது. ஆனால் அதைப் பக்குவம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மடலை அறுத்ததும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் ஒன்று வடியும். அது சருமத்தை உறுத்தக்கூடியது. ஆகவே மடலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி எறிந்து, உள்ளே உள்ள தெளிந்த சோற்றைப் பல முறை அலச வேண்டும். அந்த அப்பத்தா ஏழு தண்ணீரில் அலசியதாகச் சொன்னாள். அதன் பிறகும், அதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிப் பார்த்து, அரிப்போ தடிப்போ தோன்றவில்லை என்றால் மட்டுமே புண்பட்ட இடத்தில் இட வேண்டும்.

வெள்ளரியை அரிந்து வைப்பதும், கல்லில் இழைத்த சந்தனத்தை நீர்த்த பதத்தில் பூசுவதும், குளிர்ந்த தயிரைத் தடவிச் சிறிது நேரத்தில் கழுவிவிடுவதும் நம் வீடுகளில் உண்டு. இவையும் நீரின் குளிர்ச்சியையே வெவ்வேறு வடிவில் தருகின்றன. தோல் கிழியாமலும் கொப்புளம் இல்லாமலும் சிவந்து மட்டும் இருந்தால் இவற்றைப் பயன்படுத்தலாம். கொப்புளம் கண்ட இடத்தில் இவற்றுள் எதையும் இடலாகாது. உணவுப் பொருள்கள் புண்ணுக்குள் கிருமிகளைக் கொண்டு சேர்க்கும்.

செய்யத் தகாதவற்றையும் சொல்ல வேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தி உடைத்தல் கூடாது. அதன் மேல்தோல், இயற்கை இட்ட கட்டு ஆகும். சிவப்பும் சூடும் தணியாத முதல் நாளில் எண்ணெயையோ வெண்ணெயையோ கனமாகப் பூசினால், அது வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கும். சூடு தணிந்து தோல் உலர்ந்து உரியும் நாட்களில் தேங்காயெண்ணெயை மெல்லிதாகத் தடவிக்கொள்ளலாம். பற்பசையில் உள்ள புதினா உப்பு ஒரு நொடி குளிர்வதுபோல் தோன்றச் செய்தாலும், அப்பசை புண்ணை உறுத்தவே செய்யும். எல்லாவற்றிலும் தீயது எலுமிச்சைச் சாறு. எலுமிச்சை இனங்களில் உள்ள சில பொருள்கள், தோலில் பட்டபின் வெயில் பட்டால், தாமே புண்ணை உண்டாக்கும். புண்ணை ஆற்றுவதாக எண்ணிப் புதிய புண்ணைத் தேடிக்கொள்வதாக அது முடியும்.

உரியும் தோலைப் பிய்த்தெடுக்காதீர்கள். அது தானே விழும்போது கீழே புதுத்தோல் தயாராகிவிட்டது என்று பொருள். அதற்குமுன் பிய்த்தால் பச்சைப் புண் தோன்றும். புதுத்தோல் மிக மென்மையானது; சில வாரங்கள் அதை வெயிலில் காட்டாமல் மூடிக் காக்க வேண்டும்.

வீட்டு மருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கொப்புளங்கள் பரந்திருந்தாலும், காய்ச்சலும் குளிரும் கண்டாலும், வாந்தியோ மயக்கமோ வந்தாலும், புண்ணில் சீழ் தோன்றினாலும், சுடப்பட்டது கைக்குழந்தையாக இருந்தாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலில் இருந்தவர் முன்பின் பொருந்தாமல் பேசினாலோ, உடல் தீயாய்க் கொதித்து நினைவு தடுமாறினாலோ, அது தோலின் நோய் அன்று. உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கு. அவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். கற்றாழை தேடிப் போகும் நேரம் அது அன்று.

அன்று அந்த மூதாட்டியும் அந்த எல்லையை அறிந்திருந்தாள். கொப்புளங்களை அவள் தொடவில்லை. அன்றிரவே பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். ஒரு வாடகைக் காரில் அழைத்துச் சென்றோம். மருத்துவர் கொப்புளங்களின் மேல் தூய கட்டு இட்டார். ஏனைய இடங்களுக்கு அப்பத்தா செய்ததையே தொடரச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்து, இந்த மாணவனின் நிலைக்கு அல்பினிசம் என்று பெயர் என்று விளக்கினார்.

நம் தோலுக்குக் கருமை தரும் நிறமி மெலனின் என்பது. அது தோலின் உயிரணுக்களுக்குள், கருவின் மேற்புறத்தில் குடை போலக் கவிந்து நின்று, கதிர் டி.என்.ஏ.யைத் தாக்காமல் தாங்குகிறது. வெயிலில் அலைந்தால் நாம் கறுப்பது, தோல் அந்தக் குடையை மேலும் விரிப்பதால்தான். அல்பினிசம் உடையவர்களின் உடல் பிறவியிலேயே அந்த நிறமியைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. அவர்களுக்கு அந்தக் குடை இல்லை. ஆகவே அவர்கள் விரைவில் சுடப்படுகிறார்கள். மீண்டும் மீண்டும் சுடப்பட்டால் தோல் புற்றுநோய் வரும் அபாயமும் அவர்களுக்கு மிகுதி. விழியிலும் நிறமி குறைவதால் பார்வை மங்குகிறது, ஒளி கூசுகிறது. இது தொற்றுநோய் அன்று. எவருடைய பாவத்தின் பயனும் அன்று. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014இல் தீர்மானம் நிறைவேற்றி, ஆண்டுதோறும் ஜூன் 13ஆம் நாளை இவர்களைப் பற்றிய விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கிறது. அந்த மருத்துவரின் முன் நான் நின்ற 1986இல் எனக்கு அந்தச் சொல்லே புதிது.

கருமையின் பயனை அறிந்த பிறகு, நம்மிடையே உள்ள ஒரு பேதைமையையும் சுட்டாமல் இருக்க முடியவில்லை. வெயிலுக்குப் பின் நம் இளைஞர் பலர் தேடுவது எரிச்சலை ஆற்றும் மருந்தை அன்று. கறுத்த நிறத்தை வெளுக்கச் செய்யும் மருந்தையே தேடுகிறார்கள். எலுமிச்சையைத் தேய்ப்பதும், கடையில் விற்கும் பெயர் தெரியாத களிம்புகளைப் பூசுவதும் இதற்காகவே. மாணவியரே, குறிப்பாக உங்களுக்குச் சொல்கிறேன். கறுத்தல் ஒரு நோய் அன்று. உங்கள் உடல் உங்களைக் காத்துக்கொண்ட அடையாளம். காவலுக்கு நின்றவனை விரட்டிவிட்டு வீட்டைத் திறந்து போடுவாருண்டோ? அதற்காக, கருமேனி உடையவரை வெயில் சுடவே சுடாது என்றும் எண்ண வேண்டாம். நம் குடை பெரியது. எனினும் அதற்கும் ஓர் அளவுண்டு. சிவப்பு நம் தோலில் எளிதில் தெரியாமல் போகலாம். சூடும் எரிச்சலும் இறுக்கமும் அதை உணர்த்தும்.

ஈரத்துணியும் கற்றாழையும் எரிச்சலை ஆற்றுகின்றன. துன்பப்படும் ஒருவனுக்கு அது பெரிய உதவி. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிதைந்த டி.என்.ஏ. இழையை அவை ஒட்ட வைப்பதில்லை. அந்த வேலையை உடல்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் அது குறையின்றிச் செய்து முடிப்பதில்லை. எஞ்சிய பழுதுகள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. ஆதலின், ஆற்றும் மருந்து எவ்வளவு நல்லதாயினும் காக்கும் மருந்துக்கு ஈடாகாது. துண்டுதான் மருந்து என்று அந்த மூதாட்டி சொன்னதன் பொருள் இதுவே.

காக்கும் வழிகளும் வீட்டில் உள்ளவையே. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை கதிர் கடுமையானது. கடிகாரம் இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், வெயில் சுடும் நேரம் அது என்று கொள்ளுங்கள். உலக நலவாழ்வு நிறுவனம் புற ஊதாக் கதிரின் கடுமையை எண்களால் குறிக்கும் அளவு ஒன்றை வகுத்துள்ளது. அந்த எண் மூன்றைத் தொட்டாலே காப்புத் தேவை. பதினொன்றைத் தொட்டால் மிக மிகக் கடுமை. நம் மாநிலத்தில் கோடை நண்பகலில் பதினொன்றும் அதற்கு மேலும் வருவது வழக்கம். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை, துண்டு ஆகியவை சிறந்த காப்புகள். வயலில் நாற்று நடும் பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்துகொள்வதைக் கண்டு நகைத்திருக்கிறீர்களா? அவர்கள் செய்வது தேர்ந்த அறிவியல். உழவர் கட்டும் முண்டாசும் அத்தகையதே. இவற்றால் மூட இயலாத முகத்துக்கும் கைகளுக்கும், கதிரைத் தடுக்கும் களிம்புகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அல்பினிசம் உடையவர்கள் அவற்றை மருத்துவர் சொற்படி நாள்தோறும் பூசிக்கொள்ளுதல் வேண்டும்.

அந்த மாணவன் இரண்டு வாரங்களுக்குப் பின் பள்ளிக்கு வந்தான். சுதந்திர தினக் கொடியேற்றம் அதற்குள் முடிந்துவிட்டது. அணிவகுப்பில் அவன் இடம்பெறவில்லை. அவன் துண்டோடும் சட்டையோடும் வாயிலில் தயங்கி நின்றபோது, வகுப்பு முழுவதும் கேட்கும்படியாக, “அன்று நான் சொன்னது தவறு. இனி இவற்றை யார் சொன்னாலும் கழற்றாதே” என்றேன். ஒரு மாணவன் முன் ஆசிரியன் தன் தவற்றை ஒப்புக்கொள்வது அக்காலத்தில் வழக்கம் அன்று. சொல்லி முடித்தபோது என் நா உலர்ந்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டே வந்து அமர்ந்தான். அன்று முதல் அவனுக்கு முதல் வரிசையில், சாளரத்தின் ஒளி கண்ணில் படாத இடத்தை ஒதுக்கினேன். பிள்ளைகளுக்கும் அவன் நிலையை விளக்கினேன். ‘வெள்ளைக்காரன்’ என்னும் பெயர் மறைய மேலும் ஓராண்டு பிடித்தது.

பின்னாளில் நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற பள்ளிகளில், காலை வழிபாட்டைக் கூடியவரை மரநிழலில் நடத்தினேன். தொப்பியும் துண்டும் சீருடைக்கு மாறானவை அல்ல என்று எழுதி வைத்தேன். மாணவர்களை வெயிலில் நிறுத்தித் தண்டிக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். இவை பெரிய செயல்கள் அல்ல. ஒரு சிறுவனின் பிடரியில் நான் கண்ட கொப்புளங்களுக்கு நான் செலுத்திய சிறு கடன் என்று கொள்ளுங்கள்.

மாணவ மணிகளே, நாளை உங்களில் சிலர் ஆசிரியர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். பலர் தாய் தந்தையர் ஆவீர்கள். உங்கள் வீட்டு வேலியில் ஒரு சோற்றுக் கற்றாழையை வளர்த்து வையுங்கள். அதைப் பக்குவம் செய்யும் முறையை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மண்பானையில் நீர் நிறைந்திருக்கட்டும். இவையெல்லாம் இருக்க, உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு பிள்ளை வெயிலில் நிற்கக் கண்டால், முதலில் அவனை நிழலுக்கு அழையுங்கள். அவன் தலையில் ஒரு துண்டு இருந்தால் அது ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்காமல் கழற்றச் சொல்லாதீர்கள்.